கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

காஞ்சிபுரத்தில் காந்தி சாலையிலிருந்து பிள்ளையார்பாளையம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பட்டுக் கடைகளுக்கும் தறி வீடுகளுக்கும் இடையே எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! பாவும் ஜரிகையும் ஏற்றிக் கொண்டு தறிக்குப் போகும் வண்டிகள் ஒருபுறம். நெய்து முடித்த சேலையைச் சங்கத்துக்குக் கொண்டு செல்லும் வண்டிகள் மறுபுறம். இத்தனை வண்டிகள் ஓடும் ஊரில் மெக்கானிக் கடைகளுக்கும் குறைவில்லை. அங்கே அடிக்கடி காணக் கூடிய காட்சி ஒன்று உண்டு.

மெக்கானிக், என்ஜினின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திருகி எடுக்கிறார். மூடியோடு சேர்ந்து வரும் அளவுக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு ஆயில். அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார். "கறுத்துப் போச்சுண்ணா, மாத்திடலாமா?" என்கிறார்.

வண்டிக்காரர் யோசிக்கிறார். ஆயில் மாற்றி 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டிலோ 6,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மாற்றினால் கைப்பணம் செலவு. மாற்றாவிட்டால் என்ஜின் கெட்டுவிடுமோ என்ற அச்சம். கடைசியில் அச்சமே வெல்கிறது. தேன் நிறத்தில் புது ஆயில் உள்ளே போகிறது. அடுத்த சில நூறு கிலோமீட்டரில் அதுவும் கறுக்கத் தொடங்கி விடுகிறது!

அப்படியானால் ஆயிலை எப்போதுதான் மாற்றுவது? இக்கேள்விக்கு விடை நிறத்தில் இல்லை. நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது.

பட்டு இழையினும் மெல்லிய படலம்

முதலில், ஆயில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 100 சி.சி. என்ஜின் ஒன்றில் பிஸ்டன் மேலிருந்து கீழாக நகரும் தூரம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 100 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் ஒருமுறை கீழே போய் ஒருமுறை மேலே வருகிறது. எனவே விநாடிக்கு அது கடக்கும் தூரம் 10 மீட்டர். வண்டி சாலையில் ஓடுவது ஒருபுறம் இருக்க, பிஸ்டன் தன் சிறிய சிலிண்டருக்குள்ளேயே மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓடுகிறது!

உலோகமும் உலோகமும் இவ்வேகத்தில் நேரடியாக உரசினால் சில நிமிடங்களில் இரண்டும் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக் கொள்ளும். 'என்ஜின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதைத் தடுப்பது இடையிலுள்ள எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பல இடங்களில் சில மைக்ரான்களே. பசை நீக்கிய ஒற்றைப் பட்டு இழையின் தடிமன் ஏறத்தாழ 10 மைக்ரான். ஆகவே காஞ்சிப் பட்டின் தனி இழையைக் காட்டிலும் மெல்லிய ஒரு படலத்தின் மேல்தான் என்ஜின் ஓடிக் கொண்டிருக்கிறது.

இவ்வளவு மெல்லிய படலம் அத்தனை பாரத்தை எப்படித் தாங்குகிறது? இதைக் கண்டறிந்த கதை சுவையானது. 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்து கொண்டிருந்தார். சுழலும் அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருந்தது. மேற்பகுதியை ஒரு பித்தளைத் தாங்கி அழுத்திக் கொண்டிருந்தது. எண்ணெய் விடுவதற்காக அத்தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சைச் சுழற்றியதும் வியப்பு! எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிக் கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்தார், அதையும் தள்ளியது. அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் இருந்தது தெரிந்தது.

சுழலும் அச்சு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் கொண்டு போய்க் குறுகலான இடைவெளிக்குள் ஆப்புப் போலச் செருகுகிறது. நெருக்கப்பட்ட எண்ணெய் அழுத்தம் பெற்று, மேலுள்ள பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். இச்செயலுக்கு இன்றியமையாத பண்பு எது? பாகுநிலை. ஆயில் மிக நீர்த்துப் போனால் படலம் மெலிந்து உலோகங்கள் தொட்டுக் கொள்ளும். மிகக் கெட்டியானால் அதைக் கலக்குவதிலேயே பெட்ரோல் வீணாகும். ஆயிலின் உயிர்நாடி பாகுநிலையே தவிர நிறம் அன்று.

கறுப்பது எதனால்?

மாட்டு வண்டியின் அச்சில் இடும் கரிய பசையையே நம் முன்னோர் மசகு என்றனர். அது தொடக்கத்திலேயே கறுப்பு. என்ஜின் ஆயில் கறுப்பதற்குக் காரணம் வேறு.

என்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் அன்று. அதில் பல வேதிப்பொருள்கள் கலக்கப்பட்டுள்ளன. சில பொருள்கள் பிஸ்டனில் படியும் கசடைக் கழுவுகின்றன. சில பொருள்கள் அக்கசடு ஒன்றுகூடித் திரளாதவாறு நுண்துகள்களாகப் பிரித்து மிதக்க வைக்கின்றன. துத்தநாகச் சேர்மம் ஒன்று உலோகப் பரப்பில் காப்புப் படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கிறது. வேறு சில, எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் கரித்துகளில் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் வந்து விழுகிறது. சூட்டினால் எண்ணெயும் தன் பங்குக்குக் கருமையடைகிறது. ஆயிலிலுள்ள கழுவு பொருள்கள் கரித்துகளைப் பற்றிக் கொண்டு மிதக்க விடுவதால் ஆயில் கறுப்பாகத் தெரிகிறது. சோப்பு நீரில் அழுக்குத் துணியை அலசினால் நீர் கறுக்கிறது. அதைக் கண்டு 'சோப்பு கெட்டுவிட்டது' என்று யாராவது சொல்வார்களா? 'அழுக்குப் போகிறது' என்றுதானே சொல்வோம்! ஆயில் கறுப்பதும் பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்வதற்கான அடையாளமே. கறுக்கவே கறுக்காத ஆயில்தான் ஐயத்துக்குரியது. கசடு என்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டதோ என்று கேட்க வேண்டும்.

உண்மையில் கெடுவது எது?

ஆயில் என்றென்றும் உழைக்கும் என்பது இதன் பொருளன்று. அதைக் கெடுக்கும் காரணங்கள் நான்கு.

முதலாவது வெப்பம். சூடான எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அமிலமும் பிசினும் ஆகிறது. ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. காற்றால் குளிரும் என்ஜின், சித்திரை வெயிலில் கூட்ட நெரிசலில் நின்றபடி ஓடினால் என்ன ஆகும்? வைகாசி கருடசேவையன்று வரதராசப் பெருமாள் கோயில் தெருக்களில் சிக்கிக் கொண்ட வண்டியை எண்ணிப் பாருங்கள். கிலோமீட்டர் முள் நகரவில்லை. ஆயில் மட்டும் வெந்து கொண்டிருக்கிறது.

இரண்டாவது கியர்ப் பற்கள். பொதுவாகக் காரில் என்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்ப் பெட்டிக்கு வேறோர் ஆயில். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். டப்பாவின் மேல் '20 டபிள்யூ 50', '10 டபிள்யூ 30' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியசில் அதன் பாகுநிலையையும் காட்டுகின்றன. குளிரில் மிகக் கெட்டியாகாமலும் சூட்டில் மிக நீர்த்துப் போகாமலும் இருப்பதற்காக இதில் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். கியர்ப் பற்கள் இம்மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக நறுக்கி விடுகின்றன. நூல் அறுந்த பாவு தளர்வதைப் போல ஆயிலும் பாகுநிலையை இழக்கிறது. கார் ஆயில் சிலவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எனவேதான் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கு 'ஜாசோ எம்.ஏ.' என்ற தனித் தரக் குறியீடு இருக்கிறது.

மூன்றாவது தண்ணீர். என்ஜினுக்குள் தண்ணீர் எப்படி வரும் என்கிறீர்களா? பெட்ரோலை ஆக்டேன் என்று கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஆக்டேன் மூலக்கூறில் 8 கரி அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது எரிந்தால் 9 நீர் மூலக்கூறுகள் பிறக்கும். அதாவது 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர். 1 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். எனவே அது எரிந்து தரும் நீர் ஏறத்தாழ 1,050 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர்! இது பெரும்பாலும் நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலுக்குள் இறங்குகிறது.

நான்காவது குறைவு. சிறிதளவு ஆயில் எரிந்தும் ஆவியாகியும் தீர்ந்து கொண்டே வருகிறது. 100 சி.சி. வண்டியில் இருப்பதே ஏறத்தாழ 1 லிட்டர். அதில் 300 மில்லி குறைந்தால் மீதமுள்ளது எல்லாச் சூட்டையும் எல்லாக் கசடையும் சுமக்க வேண்டும். மற்ற மூன்றைவிட இக்குறைவே என்ஜின்களுக்கு உடனடி ஆபத்து. இதைக் காட்டுவது நிறமன்று. அளவுக் குச்சியிலுள்ள இரு கோடுகள்.

இரு வண்டிகள், ஒரு புதிர்

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். ஒரே மாதிரியான இரு வண்டிகள். ஒன்றை ஒரு நெசவாளர் வைத்திருக்கிறார். பிள்ளையார்பாளையத்திலிருந்து காந்தி சாலைக்கு 2 கிலோமீட்டர் போவார், வண்டியை நிறுத்துவார், திரும்புவார். மற்றதில் ஓர் இளைஞர் நாள்தோறும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறார். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2013இல் தொடங்கப்பட்டது அங்கேதான். இரு வண்டிகளும் 3,000 கிலோமீட்டர் ஓடியுள்ளன. எதன் ஆயில் அதிகம் கெட்டிருக்கும்?

நெடுந்தூரம் ஓடிய வண்டி என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. ஆயில் முழுச் சூட்டை எட்ட 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். நெடுந்தூர வண்டியில் ஆயில் நன்கு சூடாகி, உள்ளே இறங்கிய நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறி விடுகின்றன. 2 கிலோமீட்டர் வண்டியில் ஆயில் சூடாகுமுன்பே என்ஜின் அணைந்து விடுகிறது. நீர் உள்ளேயே தங்கி, அமிலமும் கசடும் உண்டாகத் துணை செய்கிறது. மேலும் அந்த 3,000 கிலோமீட்டரைக் கடக்க நெசவாளர் ஏறத்தாழ 1,500 முறை என்ஜினை முடுக்கியிருப்பார். முடுக்கும் கணத்தில்தான் டவர் கண்ட அந்த அழுத்தப் படலம் இன்னும் உருவாகியிருக்காது. தேய்மானமும் அப்போதுதான் அதிகம்.

கையேடுகளில் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது' என்று போட்டிருப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? அதிகம் ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்றத்தான் வேண்டும்.

சீக்கிரம் செய்ய வேண்டிய ஒரே சர்வீஸ்

புது வண்டிக்கு மட்டும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். இது வீண் செலவன்று. புதிய சிலிண்டரின் உட்பரப்பில் ஆயில் தங்குவதற்காக நுண்ணிய குறுக்குக் கோடுகள் கீறப்பட்டிருக்கும். தொடக்க ஓட்டத்தில் பிஸ்டன் வளையங்கள் அக்கோடுகளின் கூர்முனைகளைத் தேய்த்துச் சமன் செய்யும். கியர்ப் பற்களும் ஒன்றுக்கொன்று இசைந்து கொள்ளும். அப்போது உதிரும் உலோகத் துகள்கள் ஆயிலில் சேர்கின்றன. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் காரில் உள்ளது போன்ற தாள் வடிகட்டி கிடையாது. ஒரு சல்லடையும், மைய விலக்கு விசையால் துகளை ஒதுக்கும் ஒரு சுழல் கிண்ணமும் மட்டுமே உண்டு. எனவே அத்துகள்களை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றி விடுவதே அறிவுடைமை.

அதன் பிறகு? ஒரு கணக்குப் போடுவோம். ஒருமுறை ஆயில் மாற்ற 500 ரூபாய் ஆகும் என்றும், வண்டி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் கொள்வோம். கையேடு சொல்லும் இடைவெளி 6,000 கிலோமீட்டர் எனில் ஆண்டுக்கு 2 மாற்றம். செலவு 1,000 ரூபாய். நிறத்துக்கு அஞ்சி 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் 6 மாற்றம். செலவு 3,000 ரூபாய். ஆண்டுக்கு 2,000 ரூபாய் மிகைச் செலவு. நெசவாளர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு.

ஆனால் மறுபுறத்தையும் மறந்துவிடக் கூடாது. பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அளவையும் பார்க்காமல் இரு மடங்கு தூரம் ஓட்டினால், பிஸ்டனும் வளையமும் மாற்றிப் 'போர்' போடும் வேலை வந்து சேரும். அந்த ஒரே வேலை பல ஆண்டு ஆயில் செலவை விழுங்கிவிடும். சில மாடல்களுக்கு 3,000, சிலவற்றுக்கு 6,000, வேறு சிலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் என்று இடைவெளி வேறுபடும். பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கு உங்கள் வீட்டு வண்டிக்குப் பொருந்தாது.

மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை. ஒசூரிலிருந்து 1980இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற இரு வீச்சு வண்டிகளில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போயிற்று. கறுத்த என்ஜின் ஆயில் என்ற பேச்சே இல்லை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற நான்கு வீச்சு வண்டிகள் பெருகிய பின்னரே ஆயில் மாற்றுவது வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று. அன்றைய ஆயில்களைவிட இன்றைய ஆயில்கள் நெடுநாள் உழைப்பவை. பொருள் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

சோதித்துப் பாருங்கள்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நிறத்தை நம்பக் கூடாது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஜரிகையின் பளபளப்பைக் கண்டு அதிலுள்ள தங்கத்தையும் வெள்ளியையும் மதிப்பிட முடியுமா? அதற்கென எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது. எந்தத் தனிமம் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். ஆயிலுக்கும் அவ்வாறே நிறமாலைச் சோதனை உண்டு. 1940களில் அமெரிக்க ரயில்வே ஒன்று, டீசல் என்ஜின் ஆயிலில் கரைந்துள்ள இரும்பு, செம்பு ஆகியவற்றை நிறமாலை மூலம் அளந்து, எந்தப் பாகம் தேய்கிறது என்று என்ஜினைப் பிரிக்காமலே கண்டறிந்தது. இன்று விமானம், கப்பல், ரயில் எங்கும் இம்முறை பயன்படுகிறது.

நீங்களும் இரு எளிய சோதனைகள் செய்யலாம். என்ஜின் ஆறிய பிறகு, பெரியவர் ஒருவர் துணையோடு, கையுறை அணிந்து செய்யுங்கள்.

முதல் சோதனை: வடிதாளை ஒரு கிண்ணத்தின் வாயில் சமமாக வைத்து, அளவுக் குச்சியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கருமை நடுவிலிருந்து விளிம்பு வரை படிப்படியாகப் பரவியிருந்தால், கரியை மிதக்க வைக்கும் பொருள் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் மட்டும் கருந்திட்டாகக் கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டால், அப்பொருள் தீர்ந்து வருகிறது. மையின் நிறங்களைப் பிரிக்கும் தாள் சோதனையின் தத்துவமே இது.

இரண்டாம் சோதனை: ஊசி நீக்கிய இரு சிரிஞ்சுகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் அதே வகைப் புது ஆயில் 5 மில்லி. மற்றதில் பழைய ஆயில் 5 மில்லி. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். தண்டை நீக்கிச் செங்குத்தாகப் பிடித்து, வழிந்து தீர ஆகும் நேரத்தைக் குறியுங்கள். நேரங்களின் விகிதம் பாகுநிலைகளின் விகிதத்தை ஏறத்தாழக் காட்டும். பழைய ஆயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேகமாகவோ மெதுவாகவோ வழிந்தால் அதன் காலம் முடிகிறது என்று கொள்ளலாம். இவை இறுதித் தீர்ப்பல்ல. கையேட்டின் அளவுக்கு உறுதுணை மட்டுமே.

சோதித்த எண்ணெயையும், மாற்றும்போது வடித்த எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒருமுறை மாற்றும் கார் ஆயில் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் நம் மாவட்டத்துக்கு அது தாங்காது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். தேவையின்றி ஆண்டுக்கு நான்கு முறை கூடுதலாக மாற்றும் ஒவ்வொரு வண்டியும் நான்கு லிட்டர் கழிவைக் கூட்டுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, இன்று மாலை வீட்டு வண்டிக்கென்று ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், கையேடு சொல்லும் இடைவெளி, ஆயிலின் வகை ஆகியவற்றை எழுதுங்கள். வாரம் ஒருமுறை அளவுக் குச்சியைப் பார்த்துக் குறியுங்கள். அடுத்த முறை அப்பா மெக்கானிக் கடைக்குப் புறப்படும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.